இறங்காமல் இறங்கியவர்கள்

குடிநுழைவுப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டம் சொல்லித் தந்திருப்பார்கள். கடவுச்சீட்டை எப்படிப் புரட்டுவது, முத்திரையை எங்கே குத்துவது, யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதெல்லாம் இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். பொறாமையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பணியில் இருந்த காலம் முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அதுதான். அதனால் நான் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் என்னைத் தனுஷ்கோடித் துறைமேடைக்குப் போட்டார்கள். காலையில் தலைமன்னாரிலிருந்து கப்பல் வரும். பிற்பகலில் சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே கப்பல் திரும்பும். நாங்கள் பெரிய தேசம், எதிர்க்கரை ஒரு தீவு. ஆனால் அந்த மேடையில் நின்று பொறாமைப்பட்டது நாங்கள்தான். கொழும்பிலிருந்து இறங்குகிறவர்களின் சட்டை வெளுப்பு வேறு மாதிரி இருக்கும். பெட்டியைத் திறந்தால் சோப்பு வாசனை மேடை முழுக்கப் பரவும். இங்கே அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. சோதனை மேசைக்கு இந்தப் பக்கம் தேசத்தின் சின்னம் குத்திய தொப்பியோடு நின்று, அந்தப் பக்கத்தில் இருப்பவரின் செருப்பை ஏக்கத்தோடு பார்த்திருக்கிறேன்.

என் சொந்தப் பொறாமைக்கு ஒரு பெயர் இருந்தது. கபீர். நானும் அவனும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. கடலையே வேலைக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கபீர் கடற்கரை ஊர்க்காரன். அவன் வாப்பாவுக்குக் கொழும்பில் துணிக்கடை இருந்தது. பள்ளிப் படிப்பில் பாதியை அங்கேதான் முடித்தான். தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றும் அவன் நாக்கில் தண்ணீர் மாதிரி ஓடும். கப்பல் அதிகாரிகள் என் மேசையைத் தாண்டிப் போய் அவனிடம் பேசுவார்கள். எங்கள் மேலதிகாரிகூட என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டு, "கபீர் என்ன சொல்றான்?" என்று முடிப்பார்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒருநாள் வந்து, "ஏப்பா, நான் உனக்குச் சிங்களம் கத்துத் தாரேன், சாயங்காலம் வா" என்றான். எனக்கு நேரமில்லை என்றேன். அவனிடம் மாணவனாக உட்கார எனக்கு மனம் வரவில்லை. இதை இன்றும் நான் தப்பென்று நினைக்கவில்லை. எனக்கு அப்போது இருந்த சொத்து அந்த வீம்பு ஒன்றுதான்.

இலங்கையில் குடியுரிமைச் சட்டங்கள் வந்து, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த நம் ஜனங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வி எழுந்திருந்த நேரம். அது பற்றிப் பேச டில்லியிலிருந்து ஒரு தூதுக்குழு எங்கள் வழியாகக் கொழும்பு போனது. தலைவர் வெளியுறவில் பழுத்த அதிகாரி. கப்பல் புறப்படும் முன் எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: "நாம் பெரியவர்கள். பக்கத்தில் இருக்கும் சின்னவர்களோடு முறைத்துக்கொண்டால் உலகம் நம்மைத்தான் குறை சொல்லும். அதற்காக, அவர்கள் தள்ளிவிடும் ஆட்களை எல்லாம் வாரிக்கொள்ளவும் முடியாது. அங்கே பிறந்தவர்கள் அவர்கள் பொறுப்பு. தாமாக விரும்பி வருகிறவர்கள் மட்டும் நம் பொறுப்பு."

பிறகு, உள்ளூர் நிலவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப்போக வேண்டும் என்றார். அந்தச் சட்டங்களை வரிவரியாகப் படித்து வைத்திருந்தவன் நான். மேலதிகாரி என் பக்கம் திரும்பினார் என்றே நினைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற கபீரைப் பார்த்திருக்கிறார்.

கப்பல் நகர்ந்தபோது கபீர் மேல்தளத்தில் டில்லி அதிகாரி பக்கத்தில் நின்று கை அசைத்தான். நானும் அசைத்தேன். கை அசைப்பதைப் போல அன்று எனக்குக் கனமான வேலை வேறு இல்லை.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே அது நடந்தது. மேலதிகாரி சென்னை போயிருந்தார், மேடை என் பொறுப்பு. காலைக் கப்பல் வந்ததும் கப்டன் நேராக என்னிடம் வந்தார். "கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. தலைமன்னாரில் போலீஸ் கொண்டுவந்து ஏற்றிவிட்டது. யாரிடமும் காகிதம் இல்லை. நீங்கள் எடுக்காவிட்டால் நான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கரை எடுக்காது. என் கப்பலைச் சத்திரமாக்கிவிடாதீர்கள்" என்றார்.

கீழே இறங்கிப் பார்த்தேன். தோட்டத்து ஜனங்கள், ஆணும் பெண்ணுமாக இருபது முப்பது பேர் இருக்கும். மலைக்குளிருக்கு உடுத்திய கம்பளியோடு அந்த வெயிலில் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் லெட்சுமி. முப்பது வயதைத் தாண்டியவள்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"நுவரெலியா பக்கம் தோட்டம் சார். சந்தைக்குப் போனப்ப, திருட்டுத்தனமா வந்த கள்ளத்தோணின்னு பிடிச்சாங்க. நான் அந்த மலையில பொறந்தவ. தோணிய இன்னைக்கு வரைக்கும் கண்ணால பாத்ததில்ல."

"இங்க சொந்தக்காரங்க யாரும் உண்டா?"

"ராமநாதபுரம்னு எங்க தாத்தா காலத்துல சொல்லுவாங்களாம். எந்தக் கிராமம்னு தெரியாது. எங்களை இறக்காதீங்க சார். இங்க இறங்கிட்டா, அது உங்க நாட்டு ஆளுன்னு சொல்லி அந்தப் பக்கம் கதவச் சாத்திருவாங்க. புள்ளைங்க தோட்டத்து லயத்து வீட்டுல தனியா கெடக்குதுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கும்போது இதில் இரண்டே வழி இருப்பதாகத் தோன்றும்: இறக்குவது அல்லது திருப்புவது. இறக்கினால் இவளுக்குப் பிள்ளைகள் போய்விடும். கொழும்பில் பேசிக்கொண்டிருப்பவர்களும், 'பார்த்தீர்களா, உங்கள் ஆட்கள்தான், நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்' என்று சொல்வார்கள். திருப்பினால் அந்தக் கரை ஏற்காது. இந்தக் கூட்டம் இரண்டு கரைக்கும் நடுவே கீழ்த்தளத்தில் வேக வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு வயதானவர் மூலையில் சுருண்டு கிடந்தார்.

சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். கிடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் பேசியவர் சுருக்கமாக முடித்தார். "பேச்சுவார்த்தை நடக்குது. ஒருத்தரையும் இந்தியாவுக்குள்ள அனுமதிக்கக் கூடாது. அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலைத் திருப்பி அனுப்பினால் என்னை யாரும் கேட்க முடியாது. தலைமன்னாரில் களேபரமாகும். மறுநாள் கொழும்புப் பத்திரிகைகள் எழுதும். பேச்சு மேசையில் நம் குழுவின் முகம் தொங்கும். அந்த மேசையில் கபீர் இருக்கிறான். இந்த எண்ணம் வந்தபோது இனிப்பாகவே இருந்தது.

அடுத்த எண்ணம்தான் சுட்டது. எல்லாம் கெட்ட பிறகு எங்கள் ஆபீசில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். 'கபீர் இருந்திருந்தா ஏதாவது வழி கண்டுபிடிச்சிருப்பான்.' அந்த வாக்கியத்தை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. அவன் கண்டுபிடிக்கக்கூடிய வழியை இப்போதே, கப்பல் புறப்படும் முன் நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

உத்தரவை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இந்தியாவுக்குள் அனுமதிக்கக் கூடாது. கரையில் கால் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கரையில் கால் வைத்தும் நாட்டுக்குள் நுழையாத ஆள் உண்டா? உண்டு. தொற்று சந்தேகத்தில் தடுத்து வைக்கப்பட்டவன். மேடைக்கு வடக்கே, பனையோலை வேய்ந்த குவாரண்டைன் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்குள் இருக்கும்வரை ஒருவனுக்கு நான் முத்திரை குத்த முடியாது. சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறான்.

துறைமுகச் சுகாதார டாக்டரிடம் ஓடினேன். பரமக்குடிக்காரர், கறாரான மனிதர். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோய் இல்லாத ஆளுக்கு நோய்னு நான் எழுதித் தர மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"பொய் எழுத வேண்டாம் சார். வந்து ஒரு தடவை பாருங்க. ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னா கப்பலைத் திருப்பிர்றேன்."

வந்தார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போய் மூலையில் கிடந்த கிழவர் முன்னால் குந்தினார். உடம்பு கொதித்தது. சட்டையை விலக்கினால் நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. டாக்டர் தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வேர்க்குருவா இருக்கலாம். அம்மையாவும் இருக்கலாம். இப்பச் சொல்ல முடியாது" என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சந்தேகப்படுறது என் வேலை. அதுக்கு யார் உத்தரவும் எனக்குத் தேவையில்ல. கீழ்த்தளத்துல இருந்த எல்லாரும் கொட்டகைக்குப் போகட்டும்."

லெட்சுமி அசையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இறங்கினா திரும்பிப் போக முடியுமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"போக முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றேன். "ஆனா நீங்க இந்த நாட்டுக்கு வந்ததா நான் எங்கயும் எழுத மாட்டேன். உங்களைக் கப்பல்ல இருக்கிற ஆளாத்தான் வச்சிருப்பேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. கம்பியை விட்டாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். டாக்டர் கீழ்த்தளத்தைக் கழுவச் சொல்லி, மாலுமிகளின் தடுப்பூசித் தழும்பைப் பார்த்துவிட்டுக் கப்பலை விடுவித்தார். கப்டன் எனக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். அந்த மேடையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

உடனே கொழும்பில் இருந்த நம் குழுத் தலைவருக்குத் தந்தி கொடுத்தேன். அதன் வாசகத்தைச் செதுக்கிச் செதுக்கி எழுதினேன். கொட்டகையில் இருப்பவர்கள் இந்தியாவில் இறங்கியவர்கள் அல்லர், சட்டப்படி இன்னும் கப்பலில் இருப்பவர்கள், நோய்ச் சந்தேகம் நீங்கியதும் ஏறிய துறைக்கே திரும்ப வேண்டியவர்கள். தந்தி அலுவலகக்காரர், "இன்னும் சுருக்கலாமே சார்" என்றார். ஒரு சொல்லைக்கூட எடுக்க நான் விடவில்லை.

அங்கே நடந்ததை அப்புறம் கேள்விப்பட்டேன். எதிர்த்தரப்பு நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டிருக்கிறது: நீங்களே எடுத்துக்கொண்டீர்களே, இனி என்ன பேச்சு? டில்லி அதிகாரி தடுமாறியிருக்கிறார். கபீர் பின்னாலிருந்து குனிந்து என் தந்தியின் வாசகத்தை அவர் காதில் சொல்லியிருக்கிறான். அவர் அதை மேசையில் சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவரிடம் கபீரே சிங்களத்தில் நயமாக விளக்கினானாம். பேச்சு முறியவில்லை. அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட முடிந்தவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

கிழவருக்கு வேர்க்குருதான். டாக்டர் அதை உறுதி செய்ய எடுத்துக்கொண்ட நாட்களைப் போல நிதானமாக அவர் வேறெந்த வேலையையும் செய்து நான் பார்த்ததில்லை. லெட்சுமியும் பெரும்பாலானவர்களும் கப்பல் ஏறினார்கள். ஒன்றிரண்டு பேர் தாமாகவே இங்கே இருந்துவிட்டார்கள்.

தூதுக்குழு திரும்பி வந்து இறங்கியபோது டில்லி அதிகாரி மேடையில் எல்லோர் முன்னிலையிலும் கபீரின் தோளில் கை வைத்து, இந்தப் பையன் பேச்சுவார்த்தையைக் காப்பாற்றினான் என்றார். கபீர் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்து, பெட்டிகள் ரயிலில் ஏறிவிட்டனவா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஏறியிருந்தன.

அந்த வருஷமே கபீரை டில்லிக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போனான். பனி பெய்யும் ஊர்களிலிருந்து எனக்கு வாழ்த்து அட்டைகள் வரும். படத்தைப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு மூடுவேன். நான் இங்கேயே இருந்தேன். புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு, கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. என் மேசை, அங்கிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்கு மாறியது.

அதற்குள் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலைநாட்டு ஜனங்களில் இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அண்டை நாட்டின் நட்பு நமக்கு வேண்டியிருந்தது. வடக்கே எல்லையில் ஒரு போரைப் பார்த்துவிட்ட பெரிய தேசம், தெற்கில் நிம்மதியை விரும்பியது. அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல நான் யார். கணக்கில் வந்த ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். முத்திரை குத்தும் வேலை என்னுடையது.

ஒருநாள் முகாமைப் பார்வையிட டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். உச்சிப்புளி வழியாக வந்த கார் முகாம் வாசலில் நின்றது. இறங்கியது கபீர். காதோரம் நரைத்திருந்தது, நல்ல கம்பளிக் கோட்டு. என்னை இறுகக் கட்டிக்கொண்டான். முகாமில் இருந்த சின்ன அதிகாரிகள் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொண்டு நடந்தார்கள். நான் வழக்கம்போல ஓரடி பின்னால் நடந்தேன்.

அன்று வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு பெண் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தாள். கபீரையும் அவனைச் சூழ்ந்த கூட்டத்தையும் தாண்டி அவள் பார்வை என்மேல் நின்றது.

"அன்னைக்குக் கொட்டகையில வச்சிருந்த சார் தானே?" என்றாள்.

லெட்சுமி. முகம் ஒடுங்கியிருந்தது. அவள் நீட்டிய காகிதத்தை வாங்கினேன். அவளே சொன்னாள். "திரும்பிப் போயி புள்ளைங்கள வளத்துட்டேன் சார். மகளுக்கு அங்கயே கல்யாணம் முடிச்சேன். அவளுக்கு அந்த நாட்டுப் பேப்பர் கெடச்சிருச்சு. எனக்கும் மகனுக்கும் இந்தியான்னு வந்துருச்சு. அவ தலைமன்னார் வரைக்கும் வந்து ஏத்திவிட்டா."

"நீங்க இந்தியா வேணும்னு கேட்டு வந்ததா எழுதியிருக்கே" என்றேன், காகிதத்தைப் பார்த்து.

"கேட்டுட்டுத்தான் வந்தேன். வேணாம்னு சொன்னா அந்த நாடும் வச்சுக்காது, எங்க போறது?"

பக்கத்தில் நின்ற கபீர் அவளுடைய மகன் எங்கே என்று கேட்டான். பின்னால் பெட்டியோடு நின்றவனைக் காட்டினாள். அவர்களை நீலகிரிக்கு அனுப்ப உத்தரவாகியிருந்தது. அங்கும் தேயிலைத் தோட்டம்தான் என்று சொன்னேன். "மலைன்னா சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். நான் முத்திரை குத்தினேன்.

மாலையில் கபீர் காரை அனுப்பிவிட்டு என்னோடு கடற்கரைப் பக்கம் நடந்தான். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்றான்.

"இந்த ஒப்பந்தப் பேச்சு நடந்தப்ப நானும் அந்த அறையில இருந்தேன்ப்பா. எண்ணிக்கையைப் பத்திப் பேசுறாங்க. ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் குறைக்கிறார். எனக்கு முன்னால உக்காந்திருந்தவர் ஒரு தடவை திரும்பி என்னைப் பாத்தார். ஏதாவது சொல்லுவேன்னு எதிர்பாத்தார் போல. எனக்கு மூணு பாஷை தெரியும், சொல்றதுக்கு ஒரு வார்த்தை இல்ல. அன்னைக்குக் கொழும்புல நான் சொன்னது பூராவும் நீ எழுதி அனுப்புனது. இந்தத் தடவை எனக்கு யாரும் எதையும் அனுப்பல."

"நீ அந்த டில்லி அதிகாரிகிட்ட என் பேரைச் சொன்னியா, அன்னைக்கு?" என்று கேட்டேன். எத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

"சொன்னேன். மேடையிலயும் சொன்னேன், டில்லியில போயும் சொன்னேன். கரையில இருக்கிறவன் உத்தரவைத்தானே செஞ்சிருப்பான்னாங்க." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தப் பொம்பள இன்னைக்கு உன்னைப் பாத்த மாதிரி என்னை ஒரு மனுசரும் பாத்ததில்லப்பா. எந்த ஊர்லயும். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, அல்லா அறிய."

அவள் பார்வையில் நன்றி மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்று நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது சில வருஷங்கள், ஒரு மகளின் கல்யாணம், அவ்வளவே. அந்த வருஷங்கள் அவளுக்கு மகளைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டன. அதை அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். இருவரும் அங்கேயே மணலில் உட்கார்ந்திருந்தோம்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும், அதற்காக வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அது உங்களை உலுக்கி யோசிக்க வைத்தால் நல்லது. முத்திரையை மட்டும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். தேசத்தின் கொள்கையை ஏதோ ஓர் அறையில் பேசி முடிப்பார்கள். அதில் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த அறையில் இருப்பவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். ஆட்களை முகத்துக்கு முகம் பார்க்கிற இடத்தில்தான் அது கிடைக்கும். கேட்காவிட்டாலும் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் முறை நான் அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கபீர் மேல் எனக்குப் பொறாமை இல்லாமல் இருந்த ஒரே மாலை, நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்த அந்த மாலைதான். மறுநாள் காலை அவன் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். முகாமே வாசலுக்கு ஓடிவந்து வழியனுப்பியது. கார் திரும்புவதற்குள் எனக்கு மறுபடி வந்துவிட்டது.